டிஸ்க்கில் துண்டு போட்டவர்கள்

பனியன் வாங்கும் ஜெர்மன் பையரின் நம்பிக்கைக்கு விலை பத்தொன்பது லட்சம் ரூபாய்; வரி தனி. முதலில் இருபத்தாறு சொன்னார்கள். முதலாளி கிட்டுசாமி மூன்று நாள் பேரம் பேசி, ஒரு யூபிஎஸ்ஸையும் சும்மா வாங்கிக்கொண்டு, பத்தொன்பதுக்கு இறக்கினார்.

2009இல் திருப்பூர் நல்லூரில் இருந்த அவருடைய பனியன் கம்பெனியில் ஒருநாள் ஜெர்மன்காரனின் டிசைன் கோப்புகள் காணாமல் போயின. இன்னொரு தடவை போனால் ஆர்டரும் போகும், இருபதாம் தேதி எங்கள் ஆள் வந்து பார்ப்பார் என்று மெயில் வந்தது. அதற்காகத்தான் கோப்புகளைப் பத்திரமாக வைக்க, பதினாறு டிஸ்க் செருகிய அந்தப் பத்தொன்பது லட்ச இரும்புப் பெட்டி. டிஸ்க் ஒவ்வொன்றும் ஒரு டெராபைட் கொள்ளும்; கம்பெனியில் சுருக்கமாக டெரா.

பெட்டிக்குப் பொறுப்பு கம்ப்யூட்டர் செக்‌ஷன் அருள்குமார். குன்னத்தூரில் மாமனார் வீட்டில் குடியிருந்து, தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்கு வருகிறவன். கம்பெனிக்குப் பின்னால் நான்கு வீட்டுக் குவார்ட்டர்ஸ் பூச்சு வேலையில் இருந்தது.

"வர்றவன் சரின்னு சொல்லிட்டுப் போகட்டும், ஒரு ஊடு உனக்குத்தான் கண்ணு" என்றார் முதலாளி. அன்று மாலையே அவன் மனைவி சித்ரகலா ஜன்னல் திரைக்குத் துணி எடுத்துவிட்டாள்.

முதல் சிக்கல் ரெய்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் முதலாளி ஒரு நொடி வாசலைப் பார்த்துக்கொண்டார். டிஸ்க்குகளை எப்படிக் கூட்டுச் சேர்ப்பது என்பதற்குத்தான் அந்தப் பேர் என்று அருள்குமார் விளக்கினான். ரெய்டு பத்து என்றால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு ஜோடி. ஒன்று செத்தால் ஜோடியில் அதே சரக்கு அப்படியே இருக்கும். ரெய்டு ஐந்து என்றால் எட்டு டிஸ்க்குக்கு ஒன்றின் இடம் மட்டும் காவலுக்குப் போகும். எட்டில் இரண்டு சேர்ந்து செத்தால் எல்லாம் போச்சு. அவனுக்குப் பத்துதான் பிடித்திருந்தது.

"பதினாறு வாங்கி எட்டுதான் வேலை செய்யுமா? மத்த எட்டும் சம்பளம் வாங்கிட்டு வேடிக்கை பாக்குமா?"

"உங்க ஆர்டருக்குக் காவலுங்க."

முதலாளி அரை மனதாகத் தலையாட்டினார். ஆனால் ஐந்து செக்‌ஷனும் கேட்ட இடத்தைக் கூட்டினால் இருபத்திரண்டு டெரா வந்தது, இருந்தது எட்டு. அதற்கும் வழி இருக்கிறது என்றான் அருள்குமார். கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டதாகக் காட்டலாம். எழுத எழுத உள்ளே இருக்கும் பொது இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டி எடுத்துக் கொடுக்கும்.

"கல்யாணத்துக்குப் பத்திரிகை ஆயிரம், எலை அறுநூறு" என்றார் முதலாளி.

"அதேதானுங்க."

"எல்லாரும் வந்துட்டா?"

"ஒரே நேரத்துல வரமாட்டாங்கங்க."

முதலாளி அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லி ரசித்துக் கேட்டார்.

அருள்குமார் செய்த தப்பு, ஐந்து செக்‌ஷனுக்கும் கேட்டதைக் கேட்டபடி கொடுத்தது. பாதியாக வெட்டுவார்கள் என்று தெரிந்துதான் திருப்பூரில் எவரும் இரட்டிப்பாகக் கேட்பார்கள். வெட்டாமல் கொடுத்தால் கேட்டவனுக்குத் தூக்கம் வராது.

பேட்டர்ன் மாஸ்டர் அப்துல்லா அடுத்த நாளே வந்து நின்றார். "கேட்ட ஒடனே குடுத்துட்டீங்க தம்பி. அப்ப மெர்ச்சண்டைசிங்குக்கு எவ்வளவு குடுத்தீங்க?"

கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அதற்குள் இடம் பிடிக்க வேண்டுமே. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற கைகள் இங்கே கோப்பு போட்டன. ஒரே டி-ஷர்ட் டிசைனை மூன்று, நான்கு, ஏழு நகல் எடுத்து வைத்தார்கள். அக்கவுண்ட்ஸ் மைதிலி தன் தங்கையின் கல்யாண வீடியோவை இரண்டு தடவை ஏற்றினாள். ஒன்பதே நாளில் எட்டு டெராவும் நிரம்புகிற நிலை.

வேறு வழியில்லாமல், ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் வாடகை டிஸ்க்குகளுக்கு மாற்றி, எட்டு எட்டாகப் பிரித்து ரெய்டு ஐந்துக்குப் போனான். எட்டு பதினாலாயிற்று. இடம் பெருத்த சேதி திங்கட்கிழமை டீ நேரத்துக்குள் கட்டிங் டேபிள் வரை போய்விட்டது. மறுபடியும் துண்டு.

பதினாலாம் தேதி ஒரு டிஸ்க் செத்தது. புது டிஸ்க் போட்டான். மற்ற ஏழையும் படித்து அது தன்னை நிரப்பிக்கொள்ள இரண்டு நாள் கேட்டது. அதற்குள் அந்த எட்டில் இன்னொன்று போனால் டிசைனும் போகும், ஆர்டரும் போகும், வீடும் போகும். மறுபடி ரெய்டு பத்துக்குத் திரும்பலாம் என்றால் சரக்கு எட்டு டெராவுக்குள் அடங்க வேண்டும். அருள்குமார் செக்‌ஷன் செக்‌ஷனாகப் போய் நகல்களை அழிக்கச் சொல்லிக் கெஞ்சினான். பாவம் பார்த்து அழித்தார்கள். பெட்டியின் கணக்கு அசையவில்லை. ஒருமுறை கொடுத்த இடத்தை, உள்ளே அழித்தாலும் அது திரும்ப எடுத்துக்கொள்ளாத ஜாதி.

கடைசியில் முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னான். அவர் திட்டவில்லை. ஐந்து செக்‌ஷன்காரர்களையும் நிற்க வைத்து, தங்கள் பேரில் கேட்டு வைத்திருக்கும் ஒவ்வொரு டெராவுக்கும் தீபாவளி போனஸில் ஆயிரம் ரூபாய் பிடிக்கப்படும் என்று மட்டும் சொல்லிவிட்டு டிபன் சாப்பிடப் போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் அவர்கள் கேட்டிருந்த இருபத்திரண்டு டெரா இரண்டரையாகச் சுருங்கியது. அப்துல்லா தனக்கு ஓர் ஓரமே போதும் என்றார். நிஜக் கோப்புகளை மட்டும் வெளியே எடுத்து, பெட்டியைத் துடைத்து, முதலில் ஆசைப்பட்ட ரெய்டு பத்தையே அருள்குமார் போட்டான்.

இருபதாம் தேதி ஜெர்மன்காரர் வந்தார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே தன் கையால் ஒரு டிஸ்க்கை வெடுக்கென்று உருவினார். திரையில் டிசைன் அசையாமல் நின்றது. அவர் இளநீர் குடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

முதலாளி ஒரு சாவியை எடுத்து அருள்குமார் கையில் வைத்தார். "நீ சொல்லிக் குடுத்ததெல்லாம் வீண் போகல கண்ணு."

ஞாயிற்றுக்கிழமை காலை அருள்குமாரும் சித்ரகலாவும் திரைத்துணியோடு குவார்ட்டர்ஸ் வாசலில் இறங்கினார்கள். வாட்ச்மேன் மாரப்பன் எழுந்து கும்பிட்டான். சாவியை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, நோட்டில் இன்னொரு கோடு போட்டான்.

"சாவி உங்களோட பதினொண்ணு ஆச்சுங்க. ஊடு நாலுங்க. எல்லாரும் ஒரே நேரத்துல வரமாட்டாங்கன்னு மொதலாளி சொன்னாருங்க. ஆனா காலைல ஆறு மணிக்கே நாலு குடும்பம் பால் காச்சிட்டாங்க, இன்னும் ஏழு பாக்கிங்க."