சனி பார்த்த வேலை

சனிக்கிரகத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று அர்ச்சுனனை அவன் அம்மா வீட்டுக்குள் விடவில்லை.

"அங்கயே நில்லு. இன்னாத்த பாத்தேன்ன?" என்று வாசலிலேயே மறித்தாள் செல்லியம்மாள்.

"சனிம்மா. மோதரம் மாட்டுனாப்புல சுத்தியும் ஒரு வளையம். எம்மாம் அழகா கீது தெரியுமா?"

"ஐயய்யோ! அது நம்மள பாக்காம இருந்தா போதும்னு ஊரே கெடக்குது. இவரு தேடிப் போயி அதப் பாத்துட்டு வர்றாராம்!"

தலையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, மிளகாய் சுற்றிப் போட்ட பிறகுதான் அவனுக்குக் களியே கிடைத்தது.

அது எழுபத்தாறாம் வருஷம். ஜவ்வாது மலையில் வட்டக் கூரையோடு வான ஆராய்ச்சி ஆபீஸ் ஒன்று வந்திருந்தது. மலைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் நட்சத்திர பங்களா. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்த அர்ச்சுனனுக்கு அதன் வளாகத்தில் தினக்கூலிக்குப் புல் வெட்டும் வேலை கிடைத்தது. ஒரு நாள் பொழுது சாய்ந்ததும் அங்கிருந்த இளம் இன்ஜினியர் அவனைக் கூப்பிட்டு, "வா, ஒரு தடவை பாரு" என்று தொலைநோக்கியில் கண் வைக்கச் சொன்னார். இரும்புக் கூரை கடகடவென்று விலகியது. கறுப்பு வானத்தில் சின்னதாக, மஞ்சளாக, வளையத்தோடு மிதந்தது சனி.

அதோடு அவன் ஆள் மாறிப்போனான். சாமைக் காட்டில் மாட்டுவண்டி உருளும் சத்தம் கேட்டால்கூட அந்தக் கூரை திறப்பதுபோல் நெஞ்சு துள்ளும். கூரையைத் திறந்து மூடவும், தொலைநோக்கியை வேண்டிய பக்கம் திருப்பவும் நிரந்தரமாக ஒரு உதவியாளர் வேண்டுமென்று பேப்பரில் விளம்பரம் வந்தபோது, மனு போட்ட முதல் ஆள் அவன்தான். அந்த வயதில் ஒரு வேலையின் மேல் வருகிற ஆசை, பிறகு எதன் மேலும் அப்படி வருவதில்லை. ஆனால் அதே வேலைக்கு மலைக்குக் கீழே செங்கத்திலும் வேலூரிலும் காலேஜ் படித்தவர்களெல்லாம் மனுப் போட்டிருக்கிறார்கள் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் சின்னராசு வந்தான். பக்கத்து வீட்டுக்காரன்.

"தம்பி, எம்பொண்ணு ரஞ்சிதத்துக்கு வர்ற வரனெல்லாம் தட்டிப் போவுது. சனி எங்க வூட்லதான் குந்திக்கினு கீதுன்னு ஜோசியர் சொல்லிட்டாரு. நீதான் அத நேர்லயே பாத்துட்டியே. அது எப்ப கெளம்பும்?"

"அண்ணா, அது அந்தச் சனி இல்லண்ணா..."

"எந்தச் சனியா இருந்தா இன்னா? கெளம்புமா, கெளம்பாதா?"

அவனை அனுப்பினால் போதுமென்று, "கெளம்பிடுச்சிண்ணா, போய்க்கினே கீது" என்றான் அர்ச்சுனன்.

அந்த வாரமே பக்கத்து ஊரிலிருந்து வந்து ரஞ்சிதத்துக்குப் பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் அர்ச்சுனன் வீட்டு வாசலில் கூட்டம். ஜாதகக் கட்டோடு சிலர், கோழியோடு சிலர், பலாப்பழத்தோடு ஒருவர்.

"நான் அங்க புல்லு வெட்டுறவன்யா!" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"வெவரம் தெரிஞ்சவங்க எல்லாம் இப்பிடித்தான் சொல்லுவாங்க" என்றாள் எதிர்வீட்டுப் பெரியம்மாள். அவனுக்கு அத்தைமுறை. கூட்டத்தை வரிசையில் உட்காரவைத்தவளும் அவள்தான்.

ஒரேயடியாகத் தீர்த்துவிடலாம் என்று நினைத்து, "எல்லார் வூட்ட வுட்டும் சனி போய்டுச்சி! எல்லாரும் போய்ட்டு வாங்க!" என்று சத்தமாக அறிவித்தான்.

கூட்டம் கலைந்தது. ஆனால் சின்னராசுவின் தம்பி ராஜவேலு மட்டும் நகரவில்லை.

"எங்கண்ணன் வூட்ட வுட்டு கெளம்புனது எங்க போச்சி? ரெண்டு வூட்டுக்கும் நடுவுல ஒரே செவுருதான் கீது. அன்னியிலருந்து எம்மாடு பால் கறக்க மாட்டேங்குது."

"எஞ்சனி எதுக்குடா உன் வூட்டுக்கு வருது?" என்று பக்கத்து வீட்டிலிருந்து பாய்ந்து வந்தான் சின்னராசு.

"பொண்ணு நல்லா இருக்கோணும்னு எம்பக்கம் தள்ளி வுட்டுட்ட!"

அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மூங்கில் தடியைத் தூக்கிவிட்டார்கள். நடுவில் புகுந்த அர்ச்சுனனுக்கு முதுகில் ஒன்று விழுந்தது. வலி பொறுக்காமல் வாய்க்கு வந்ததைக் கத்தினான்:

"அது யார் வூட்லயும் இல்லய்யா! ஆபீசுல புடிச்சி, கூரைக்குள்ள அடச்சி வச்சிட்டாங்க!"

தடிகள் கீழே விழுந்தன. அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அர்ச்சுனன் அன்று நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் ஆபீஸுக்குக் கூலி வேலைக்கு ஒருவரும் வரவில்லை. புல் வெட்ட ஆளில்லை, தண்ணீர் தூக்க ஆளில்லை, பால்காரனும் வரவில்லை. பெரிய அதிகாரி பால் இல்லாத டீயைக் குடித்துவிட்டு முகம் சுளித்தார்.

"அர்ச்சுனா, உங்க ஊர்க்காரங்க ஒருத்தரையும் காணோமே, ஏன்?"

நிஜத்தைச் சொன்னால் உதவியாளர் வேலை போய்விடும். "எல்லாருக்கும் காய்ச்சல் சார்" என்றான்.

அவர் நல்ல மனிதர். பதறிப்போய், ஜீப்பில் மருந்துப் பெட்டியை ஏற்றி உடனே ஊருக்கு அனுப்பினார்.

நட்சத்திர பங்களாவிலிருந்து மூடிய பெட்டியோடு ஜீப் வருவதைப் பார்த்தது ஊர். சனியைத் திருப்பிக் கொடுக்கத்தான் வருகிறார்கள் என்று யாரோ கத்த, குழந்தை குட்டிகளோடு அத்தனை பேரும் காட்டுக்குள் ஓடினார்கள். ஜீப் டிரைவர் துரைக்கண்ணு ஆளில்லாத ஊரில் ஹாரனை அடித்து அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் புளியமரங்களுக்கு நடுவே ஒளிந்திருந்தவர்களிடம் அர்ச்சுனன் போய் நின்றான். முள் கிழித்த காலோடு அம்மாவும் அங்கேதான் இருந்தாள்.

"எல்லாரும் வூட்டுக்கு வாங்க. அது வெளிய வராது. அந்தக் கூரைய தெறந்து மூடற வேலைக்குத்தான் நான் மனு போட்டுக்கீறேன். திங்கக்கெழம இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுக்கீறாங்க. எனக்குக் கெடச்சா நானே பாத்துக்கறேன்."

"உனக்குக் கெடைக்கலன்னா?" என்றான் ராஜவேலு.

 அவனுக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மற்றவர்களுக்கு அது சனியைப் பற்றிய பயம். அவனுக்கு அது வாழ்க்கை.

திங்கட்கிழமை, வெளுத்த சட்டையும் இரவல் பேன்ட்டுமாக அர்ச்சுனன் முதல் ஆளாகப் போய் உள்ளே உட்கார்ந்தான். சற்று நேரத்தில் வெளியே சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். ஊரே கேட்டண்டை உட்கார்ந்திருந்தது. கையில் பூசணிக்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம். முன்வரிசையில் பெரியம்மாள்.

பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு போகும் சத்தமும் கேட்டது. ஆபீஸ் பெஞ்சில் அவனைத் தவிர யாருமில்லை. மனு போட்ட மற்றவர்களை எல்லாம் வேறு அறையில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்போல என்று அவன் நினைத்துக்கொண்டான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒருவழியாக உள்ளே கூப்பிட்டார்கள்.

பெரிய அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு ஜன்னலைக் காட்டினார்.

"இங்கே நாங்க சனியை அடைச்சு வெச்சிருக்கிறதா அவங்க சொல்றாங்க. இதை யார் கிளப்பிவிட்டது?"

 இன்னொரு பொய் வாய்வரை வந்துவிட்டது. இதுவரை சொன்ன ஒவ்வொரு பொய்யும் எங்கே கொண்டுபோய் விட்டது என்று நினைத்துப் பார்த்தான்.

"நான்தான் சார். காய்ச்சல்னு சொன்னதும் பொய்தான் சார்." முதல் நாள் குளியலிலிருந்து முதுகில் விழுந்த அடிவரை அத்தனையும் கொட்டினான்.

அவர் சிரிக்கவில்லை. "சரி, நீ பார்த்தியே. சனி நல்லதா, கெட்டதா?"

"அதெல்லாம் தெரியாது சார். அழகா இருக்குது சார்."

 அதிகாரி மறுபடியும் ஒருமுறை வாசலைப் பார்த்தார்.

"எப்போ வேலைக்குச் சேர்றே?"

வெளியே ஓடிவந்து சொன்னபோது கேட்டில் பூசணிக்காய்கள் உடைந்தன. துரைக்கண்ணு அவனைத் தூக்கிச் சுற்றினார். அன்று சாயங்காலம் சம்பளத்துக்கான வேலையாக முதல்முறை அந்தக் கூரையைத் திறந்தான். மலைக்காற்றும் குளிரும் ஒன்றாக உள்ளே வந்தன. அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடாக அப்புறம் அவன் வாழ்க்கையில் எதுவும் வரவில்லை, கல்யாணம் உட்பட.

வருஷங்கள் ஓடின. ஊர் சனியை மறந்தது. அர்ச்சுனன் மட்டும் அந்தத் திங்கட்கிழமையை மறக்கவில்லை. வேலை தேடும் பிள்ளை யார் கண்ணில் பட்டாலும் பிடித்து உட்காரவைத்துச் சொல்லுவான். எண்பத்தெட்டில் அவன் மச்சினன் தேவராஜ் இன்டர்வியூவுக்குப் புறப்பட்டபோதும் சொன்னான்.

"ஆசப்பட்ட வேல வேணுமா? நெசத்தச் சொல்லு. அவ்ளோதான். அன்னிக்கி எத்தினி காலேஜ் புள்ளைங்க வந்தாங்க! அத்தினி பேர்ல என்ன எதுக்கு எடுத்தாரு? நெசத்துக்காவ எடுத்தாரு."

எதிரே புளி தட்டிக்கொண்டிருந்த பெரியம்மாள் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"எடுக்காம வேற யார எடுப்பாரு? பஸ்ஸ வுட்டு எறங்குன காலேஜ் புள்ளைங்க எல்லார்கிட்டயும் கேட்டண்ட நான்தான்டா ‘உள்ள சனி கீது, பாத்துப் போங்க’ன்னு சொன்னேன், ஒருத்தன்கூட உள்ள வரல, வந்த பஸ்லயே ஏறிட்டானுங்க!"