பாரசீகப் படையிலிருந்து சம்பந்திக்கு

பசுவந்தனை,
கார்த்திகை 19.

எட்டயபுரம் பாத்திரக்கடை காசிராஜன் அண்ணாச்சி அவர்கள் சமூகத்துக்கு, வருகிற தை பன்னிரண்டாம் தேதி முதல் தங்களுக்கு முறைப்படி சம்பந்தியாகப் போகிறவனும், தங்கள் பாதம் என் முதுகில் பட்ட ஒன்றைத் தவிர வேறெந்தக் குறையும் தங்கள்மேல் இல்லாதவனுமாகிய லிங்கராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே மதினியும் மாப்பிள்ளை இசக்கிராஜாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். குனிந்தால் முதுகு பிடிக்கிறது. அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

போனில் பேசினால் தாங்கள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு 'ம், ம்' என்பீர்கள். அது சம்மதமா கோபமா என்று எனக்குப் புரியாது. வாட்ஸப்பில் போட்டால் நான் போனைக் கீழே வைப்பதற்குள் இரண்டு ஊருக்கும் போய்விடும். ஆகையால் காகிதத்தில் எழுதி, கோந்து வைத்து ஒட்டி, எட்டயபுரம் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுகிறேன். நடந்ததெல்லாம் தாங்களும் அறிந்ததே. இருந்தாலும் அன்றைக்குத் தங்கள் தலைக்கவசம் பெரிசு. கண்ணுக்கு வைத்த ஓட்டை மூக்குக்கு இறங்கியிருந்தது. அதனால் பாதிக் கதை தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆதியிலிருந்து சொல்லுகிறேன்.

சித்திரை மாதம் சென்னையிலிருந்து சினிமாக் கம்பெனிக்காரர்கள் வந்து என் புஞ்சையைக் கேட்டார்கள். இரண்டாயிரத்து ஐநூறு வருஷத்துக்கு முன்னால் கிரேக்க தேசத்தில் மாரத்தான் என்கிற ஊரில் பெரிய சண்டையாம். பாரசீகத்துக்காரன் கப்பல் கப்பலாக ஆளைக் கொண்டுவந்து இறக்கினானாம்; கொஞ்சம்போல இருந்த கிரேக்கர்கள் அவர்களைக் கடல்வரை ஓட ஓட விரட்டினார்களாம். அந்தச் சண்டைக்கு மரமில்லாத வெட்டவெளி வேண்டும், உளுந்து எடுத்துப்போட்டுக் கிடக்கிற என் கரிசல்தான் தோது என்றார் டைரக்டர். சுற்றி நிற்கிற காற்றாலைகளைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார்களாம், கடலைக் கம்ப்யூட்டரில் ஊற்றிக்கொள்வார்களாம். "தூத்துக்குடியில நெசக் கடலே இருக்கே சார்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்கென்ன, தை மாதம் படம் வரும், என் புஞ்சை உலகமெல்லாம் தெரியும் என்று சந்தோஷமாகத் தலையாட்டினேன். அன்றைக்குத் தொடங்கியது சனியன்.

சண்டை போட உங்கள் ஊரிலிருந்து நூறு பேர், எங்கள் ஊரிலிருந்து முன்னூறு பேர். நீங்கள் மூன்று பஸ் பிடித்துக் காலை ஆறு மணிக்கே வந்து இறங்கிவிட்டீர்கள். நாங்கள் உள்ளூர்க்காரர்கள், குளித்துச் சாப்பிட்டு எட்டரைக்கு மேல்தான் போனோம். அதற்குள் கவசம், கேடயம் எல்லாவற்றையும் உங்கள் ஆட்கள் மாட்டிக்கொண்டாயிற்று. எங்களுக்கு மிஞ்சியது தொளதொளப் பைஜாமாவும் தலைப்பாகையும் ஆளுக்கொரு வாளும். இப்படியாக நீங்கள் கிரேக்கர், நாங்கள் பாரசீகர். இதில் வீரம் எங்கே வந்தது அண்ணாச்சி? யார் சீக்கிரம் எழுந்திரித்தது என்பதுதான் விஷயம்.

முதல் தடவை டைரக்டர் 'ஆக்‌ஷன்' என்றதும் உங்கள் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். எங்கள் ஆட்கள் ஓடவில்லை. என் மச்சினன் மாடக்கண்ணு, அதாவது என் மகளுக்குத் தாய்மாமன், எதிரே வந்தவனின் கேடயத்தைப் பிடுங்கி அதாலேயே அவனை வெளுத்துவிட்டான். கால்மணி நேரத்தில் கிரேக்கம் காலி. டைரக்டர் மைக்கில் கத்தினார்: "நீங்க தோக்கணும்! வரலாற்றுல நீங்கதான் தோத்தீங்க!" மாடக்கண்ணு இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் போனான்.

"சார், நாங்க முன்னூறு பேரு, அவிய நூறு பேரு. எங்க புஞ்சையில வச்சு நாங்க எதுக்கு ஓடணும்?"

"அன்னைக்கு அப்படித்தாங்க நடந்துது."

"அன்னைக்கு நாங்க இல்லல்லா சார். இப்பம் இருக்கம்லா."

டைரக்டர் ஒரு சோடா குடித்தார். பிறகு என் மீசையைப் பார்த்துவிட்டு, நீங்கள் முன்வரிசையில் நில்லுங்கள் ஐயா, உங்களைப் பார்த்தால் விவரமானவராகத் தெரிகிறது என்று கேமராவுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டாவது தடவை. களிமண்ணை வாரி இறைத்துக்கொண்டு, ஈட்டியை நீட்டிக்கொண்டு, என் நெஞ்சுக்கு நேரே ஓடி வந்தது யார்? தாங்கள். வெற்றிலை பாக்கு மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளையின் தகப்பனார்மேல் எப்படி வாளை ஓங்குவான்? வாள் கீழே விழுந்தது. இரண்டு கையும் தானாகக் குவிந்தன. "வாங்க சம்பந்தி" என்றேன். தாங்களும் சட்டென்று நின்று, "வாரேன், வாரேன். வீட்ல எல்லாரும் சுகந்தான?" என்று கேட்டீர்கள். ஒரு கையில் ஈட்டி, மறு கையில் கேடயம், பதிலுக்குக் கும்பிட வசதியில்லை. தலையை மட்டும் ஆட்டினீர்கள். அதை நான் குறையாக நினைக்கவே இல்லை. பின்னால் வந்த கிரேக்கர்களும் நம்மைச் சுற்றி நின்று, கல்யாணம் எந்த மண்டபத்தில், சமையல் யார் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். அந்தத் துண்டுப் படம் குப்பைக்குப் போயிருக்கும், அதை விடுங்கள்.

மூன்றாவது தடவை எங்கள் ஆட்கள் பெரிய மனசு பண்ணித் திரும்பி நடந்தார்கள். வயலைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் மாதிரி நடந்தார்கள். ஓடச் சொன்னால் ஒருத்தனும் ஓடவில்லை. மணி நான்கு ஆகப்போகிறது. அப்போதுதான் ரோட்டில் கோவில்பட்டி பஸ் ஹாரன் அடித்தது. அண்ணாச்சி, அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறரைக்குத்தான். முப்பது வருஷப் பழக்கம், யாரும் சொல்லவில்லை, கால் தானாகக் கிளம்பிவிட்டது. முன்னூறு பாரசீகர்களும் பைஜாமாவைத் தூக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினோம். அந்தப் பயல் டைரக்டர் அதைப் பூராவும் படம் பிடித்துக்கொண்டான். பின்னால் உங்கள் ஆட்கள் விரட்டிக்கொண்டு வந்தார்கள் என்பதே எங்களுக்குத் தெரியாது. முந்தின நாள் பெய்த கோடை மழையில் கரிசல் களியாகக் கிடந்தது. செருப்புக்கு ஒரு படி மண் ஒட்டியிருந்தது. கால் புதைந்து நான் குப்புற விழுந்தேன். அப்புறம்தான் தாங்கள் என் முதுகில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போனீர்கள். ரோட்டோர உடைமரத்தடியில் குடைபிடித்து நின்ற என் வீட்டுக்காரி மீனாட்சியம்மாள் அதைக் கண்ணாரப் பார்த்தாள். என்னைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடியது மாப்பிள்ளைதான். கவசத்தைக்கூடக் கழற்றாமல் ஓடினார். "மாமா, வலிக்குதா, மாமா, வலிக்குதா" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே ஓடினார். அந்தப் பிள்ளையை எனக்கு அன்றைக்கே ரொம்பப் பிடித்துவிட்டது. அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

இவ்வளவு நடந்தும் நாங்கள் படத்துக்காக நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்தோம். போஸ்டர் வந்த அன்று ஊரே அதைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தன்னைத் தேடியது. மூலையில் தெரிகிற முழங்கை தன்னுடையது என்று மாடக்கண்ணு சாதித்தான். அதே முழங்கை தன்னுடையது என்று உங்கள் ஊரில் ஒருவர் சட்டையைச் சுருட்டிக் காட்டிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. அதையும் நான் சிரித்துக்கொண்டே விட்டேன். ஆனால் போன வாரம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் எதிரே ஒரு பேனர் ஏறியிருக்கிறதே, அதைத்தான் விட முடியவில்லை. 'பாரசீகத்தை ஓடவிட்ட எட்டயபுரத்துச் சிங்கங்கள்.' நடுவில் தலைக்கவசத்தோடு தங்கள் படம். கீழே புறமுதுகு காட்டி ஓடுகிற நாலைந்து பைஜாமா.

மாடக்கண்ணு அதைப் பார்த்துவிட்டு நேரே குத்புதீன் பாய் அச்சகத்துக்குப் போயிருக்கிறான். அந்தப் பேனரை அடித்ததும் பாய்தான், நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை இருப்பதும் பாய் மேஜையில்தான். "பத்திரிகைய அடிக்காதீங்க பாய். அந்தப் பேனர எறக்காம நான் மாலை எடுத்துக் குடுக்க மாட்டேன். தாய்மாமன் இல்லாம எப்படிக் கல்யாணம் நடக்குன்னு பாத்துருவம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். மீனாட்சியம்மாளும் தம்பி பக்கம். "கல்யாணத்துக்கு முன்னாலயே உங்க முதுகுல ஏறுதாவ. கல்யாணம் முடிஞ்சா எங்கன ஏறுவாவளோ" என்று சோற்றைப் போடும்போதெல்லாம் ஒரு கரண்டி கேள்வியும் சேர்த்துப் போடுகிறாள். மகள் சத்யபிரியா மில் ஆபீஸிலிருந்து வந்தால் மாப்பிள்ளையோடு ஒரு மணி நேரம் போனில் சிரித்துக்கொண்டிருப்பாள். இப்போது, "உங்க அப்பாட்ட சொல்லி மொதல்ல அதை எறக்குங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். அப்புறம் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணாச்சி. எந்த தேசத்திலோ எவனோ எப்போதோ தோற்றதற்கு என் மகள் கல்யாணம் நிற்க வேண்டுமா?

ஆகையால் தங்கள் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பேனரைத் தாங்களே முன்னின்று இறக்கிவிடுங்கள். அடுத்தது, நாங்கள் ஓடியது உங்களைக் கண்டு அல்ல, நாலு மணி பஸ்ஸைக் கண்டு என்று தங்கள் ஊர் டீக்கடையில் நாலு பேர் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொல்லுங்கள். பஸ் டிரைவர் சாட்சிக்கு வருவார், கேட்டுவிட்டேன். டைரக்டர் நம்பர் மாப்பிள்ளையிடம் இருக்கிறது. முதுகில் ஏறுகிற இடத்தை மட்டும் வெட்டிவிடச் சொல்லுங்கள். இவ்வளவும் செய்தால் நான் மாடக்கண்ணுவைச் சமாதானம் பண்ணிப் பத்திரிகையை அடிக்கச் சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் பாரசீகப் படை தை மாதம் என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது.

மதினியிடம் விசாரித்ததாகச் சொல்லவும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். வீட்டில் விளக்கும் கடையில் வியாபாரமும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பஸ்ஸுக்கு மட்டுமே ஓடுகிற,
லிங்கராஜ்

பின்குறிப்பு: கோந்து தடவப் போகும்போது சத்யபிரியா போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். படத்தின் டிரெய்லர் வந்துவிட்டது. மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம், அப்படியே நிறுத்துங்கள். ஓட்டமும் இல்லை, முதுகும் இல்லை. கப்பலும் கூட்டமும் எல்லாம் கம்ப்யூட்டர். மனுஷன் என்று முழுசாக வருவது ஒரே ஒரு முகம், அது என் முகம். திரை நிறைய நான் நிற்கிறேன், ஓரத்தில் தங்கள் ஈட்டியும் கேடயமும் மட்டும் தெரிகின்றன, வாள் விழுகிறது, இரண்டு கையும் குவிகின்றன. என் வாய் 'வாங்க சம்பந்தி' என்று அசைகிறது. உள்ளேயிருந்து எவனோ ஒருவன் குரல் 'உயிர்ப்பிச்சை தாருங்கள்' என்கிறது. கீழே எழுத்துப் போடுகிறான்: 'ஒரு பேரரசு பணிந்த நாள்.' மொத்தப் பாரசீகமும் என் ஒருத்தன் கையால் பணிந்துவிட்டது.

மாடக்கண்ணு பார்த்துவிட்டு அரிவாளைத்தான் தேடுவான் என்று நினைத்தேன். அவன் ஐந்து தடவை பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அத்தான், முன்னூறு பேரும் ஓடினோம். நின்னது நீங்க ஒருத்தருதான். உங்க வாய் என்ன சொல்லுதுன்னு நம்ம ரெண்டு ஊருக்கும் தெரியாதா" என்றான். பேனர் கிடந்துவிட்டுப் போகட்டும், மாலை நானே வாங்கிவாரேன் என்று சொல்லிவிட்டு, பத்திரிகையை அடிக்கச் சொல்ல பாய் கடைக்குப் போய்விட்டான்.

மீனாட்சியம்மாள்தான் இன்னும் போனைக் கீழே வைக்கவில்லை. "ஒலகமே பாக்க இவிய கும்பிடுதாவ. எதுக்க நிக்கவரு ஒரு கையையாவது தூக்குதாரா பாருங்க" என்கிறாள். அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான், அதில் எனக்கும் சம்மதம். மண்டப வாசலில் பெண்வீட்டார்தான் முதலில் கும்பிட வேண்டும் என்பது வழக்கம். என் கும்பிடு சித்திரை வெயிலிலேயே முடிந்துவிட்டது. தை பன்னிரண்டாம் தேதி காலை நான் வாசலில் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பேன். வீடியோக்காரரும் நிற்பார். தாம்பூலத் தட்டை மாப்பிள்ளை பிடிக்கட்டும், பழத்தட்டை மதினி பிடிக்கட்டும். தாங்கள் மட்டும் வெறுங்கையோடு வாருங்கள், சம்பந்தி.