நன்றியுரையில் கந்தப்பன் இல்லை

மேற்பிரிவு லயம்,
பெரகல.
2.11.2009

அன்பு மகள் கலாராணிக்கு,

ஓயாத மழையையும் உன் அம்மாவின் முழங்கால் வலியையும் கழித்துப் பார்த்தால் இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறோம். போனில் சொன்னால் சிரித்துவிடுகிறாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். சிரிக்காமல் வாசி.

எம்.பில். பட்டத்துக்காக நம் தேயிலைத் தோட்டத்து மரண சகாயச் சங்கத்தைப் பற்றி நீ எழுதிய ஆய்வைப் பல்கலைக்கழகமே இன்டர்நெட்டில் போட்டிருக்கிறது, உலகத்தில் யாரும் இலவசமாக வாசிக்கலாம் என்று போன மாதம் சொன்னாய் அல்லவா? பெருமை தாங்காமல் நான் அதைக் கோயிலில் எல்லோருக்கும் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இலவசம் என்றதும் மறுநாள் காலையிலேயே வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள், கருப்பம்மா உரச் சாக்கோடு. அரிசி இல்லை, புத்தகம் என்றேன். சரி, அப்படியென்றால் வீட்டுக்கு ஒன்று கொடுங்கள் என்றார்கள். வேறு வழியில்லாமல் சந்தியில் போன் பேசவும் போட்டோகொப்பி எடுக்கவும் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் மர்லியாவிடம் போனேன். அந்தப் பிள்ளை கம்ப்யூட்டரில் தட்டி உன் பெயரைத் திரையில் காட்டியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. இத்தனை பக்கத்தையும் அடித்தால் மெஷினுக்கு உயிர் போய்விடும், ஒரு பக்கம் கேளுங்கள் என்றாள். நான் நன்றியுரையைக் கேட்டேன். நம் ஆட்களின் பெயர் இருக்கும் பக்கம் அதுதானே.

அங்கேதான் வினை பிடித்தது. அந்தத் தாள் பிரதி மேல் பிரதியாகி லயம் லயமாக எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. எல்லோரும் அதைக் கோயில் திருவிழா நோட்டீஸ் மாதிரி வாசிக்கிறார்கள். சங்கத் தலைவருக்கு அடுத்துப் பொருளாளரைப் போட்டுவிட்டாய் என்று செயலாளர் என்னிடம் பேசுவதில்லை, தலைவரோ தன் பெயருக்கு மேலே உன் பேராசிரியருக்கு என்ன வேலை என்று கேட்கிறார், கருப்பம்மா தனக்கு 'திருமதி' போட்டிருப்பதைக் கண்டு தாளுக்கு பிளாஸ்டிக் உறை போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள், அதைப் பார்த்த அவள் நாத்தனார் நானும்தானே அந்தப் பிள்ளைக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தேன் என்று நம் வாசலில் உட்கார்ந்து அழுதாள். உன் அம்மாவோ, தன் பெயருக்கு முன்னால் என் பெயர் வந்த குற்றத்துக்காக எனக்குச் சீனியில்லாத தேத்தண்ணீர் தருகிறாள்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். கந்தப்பன் பெயர் இல்லையே தாயி. யார் செத்தாலும் சங்கத்துக்காக வெலிமடை, மொனராகலை என்று பஸ் ஏறிப்போய் உறவுக்காரர்களுக்குச் சேதி சொல்கிற மனிதர். நீ ஆய்வுக்கு வந்தபோது குடை பிடித்து உன்னை வீடு வீடாகக் கூட்டிப்போனவர். தாளை வாங்கி மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தார். மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலமானால் என்னோடு தேத்தண்ணீர் குடிக்கிறவர், இப்போது என்னைக் கண்டால் மேல் ரோட்டால் சுற்றிப் போகிறார். சின்ன வயதிலிருந்து கூடவே இருந்த ஆள். அவர் இல்லாமல் எனக்குப் பொழுது போகவில்லை, உன் மேல் கோபம் கோபமாக வருகிறது.

ஆகவே உடனே பல்கலைக்கழக நூலகத்து அதிகாரியிடம் போ. விரும்பினால் இரண்டு வருடம் ஆய்வை யாரும் பார்க்காமல் பூட்டி வைக்கலாம் என்று நீதானே சொன்னாய்? பூட்டச் சொல். கந்தப்பன் பெயரை, முடிந்தால் பேராசிரியருக்கும் மேலே, சேர்த்தபிறகு திறக்கட்டும். உலகம் அதுவரை பொறுத்துக்கொள்ளும்.

அம்மா இதோடு மடித்து வைத்திருக்கும் திருநீற்றை மறக்காமல் பூசிக்கொள். நல்ல வேலையும் நல்ல இடமும் அமைந்து நீ நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன்னால் நிம்மதி போனாலும் உன்னையே வாழ்த்தும் அப்பா,
மாரிசாமி

பி.கு.: மழைக்கு பஸ் வராததால் கடிதம் இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது. இன்று காலை கந்தப்பன் வந்தார். இரண்டு நாளாக மர்லியா கடையில் உட்கார்ந்து, அவளை வாசிக்கச் சொல்லி உன் ஆய்வு முழுவதையும் கேட்டிருக்கிறார். "மச்சான், ஒன் மக என்னப் பத்தி ஒரு அத்தியாயமே எழுதியிருக்கு" என்றார். சேதி கொண்டுபோகிறவர் முதலில் சாப்பிட்டீர்களா என்று கேட்டு, உறவுக்காரர்களைச் சாப்பிட வைத்தபிறகுதான் சாவைச் சொல்வார், சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாதே என்று எழுதியிருக்கிறாயாம். அந்த இடத்தில் மர்லியா வாசிக்க முடியாமல் நிறுத்திவிட்டாளாம். மனம் திறந்து பேசியவர்களின் பெயரை எங்கேயும் போடமாட்டேன் என்று நீ வாக்குக் கொடுத்ததும் அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்கிறது. "மத்தவங்களுக்கு வாசல்ல வச்சு நன்றி சொல்லி அனுப்பிருச்சு. என்னைய உள்ள கூப்பிட்டு ஒக்கார வச்சிருக்கு" என்றார். நீ காத்த ரகசியத்தை இப்போது அவரே வீடு வீடாகப் போய் உடைத்துக்கொண்டிருக்கிறார்.

போவதற்கு முன் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே, அந்த அத்தியாயம் எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டார். நான் கூரைத் தகரத்தைப் பார்த்தேன். "நீ வாசிக்கலியா மச்சான்?" என்றார். நாளைக்கு அவரே என்னைக் கடைக்குக் கூட்டிப்போகிறாராம்.

பூட்டிவிடாதே தாயி. அப்பா இன்னும் வாசிக்கவில்லை.