கருகிய பயறுக் குழம்பும் மாமாவும்

அன்பும் மரியாதையும் மிக்க அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகன் எழுதுவது. நலம். இந்த நகரத்தில் யாரைக் கேட்டாலும் நலம் என்றுதான் சொல்கிறார்கள். நானும் பழகிவிட்டேன். உங்கள் முழங்கால் வலியும் மாமாவின் வாயும் எப்படி இருக்கின்றன?

உணவகத்தில் வேலை கிடைத்ததைச் சொன்னேன். எப்படிக் கிடைத்தது என்று சொல்லவில்லை. நம் சனத்தின் சாப்பாட்டை விற்கும் கடை. நம் சனத்தில் அங்கே நான் ஒருவன்தான். "உங்க ஆளுங்க சமையல்ல என்னப்பா விசேஷம்?" என்றார் முதலாளி. எனக்கு நினைவு வந்தது நம் வீட்டுப் பயறுக் குழம்பு. "அடி கொஞ்சம் கருகியிருக்கும் சார்" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது.

இப்போது மெனுவில் 'முன்னோர் புகைக் குழம்பு'. மண்சட்டி. மங்கலான விளக்கு. வெளிநாட்டில் படித்த செஃப் பக்குவமாகக் கருக்குகிறார். சாப்பிடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஓர் அம்மாள், "இந்த மக்களோட துக்கம் நாக்குல தெரியுதுங்க" என்றார். அந்தத் துக்கம் எனக்குத் தெரியும் அத்தை. மாமா செருப்போடு அடுக்களைக்குள் வருவார், நீங்கள் கரண்டியோடு தெருமுனைவரை விரட்டுவீர்கள், அடுப்பை யார் பார்ப்பது?

வரும் ஞாயிறு பத்திரிகைக்காரர்கள் முன்னால் நீங்களே வந்து சமைக்க வேண்டுமாம், முதலாளிக்கு ஆசை. நிதானமாகச் சமைத்தால் நன்றாக வந்துவிடும். என் வேலை போய்விடும். கருக்குங்கள் என்று கேட்கமாட்டேன். "என் கையில எதுடா கருகியிருக்கு?" என்பீர்கள். மாமாவையும் அழைத்து வாருங்கள், போதும். செருப்போடு. மற்றது தானாக நடக்கும்.

பெரியவர்களுக்கு வணக்கம். சின்னவர்களுக்கு முத்தம். உங்கள் வலிக்காத காலைத் தொட்டு,

அண்ணன் மகன்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மதிய வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நம் பாஷை பேசும் ஒரு குடும்பம் வந்திருந்தது. ஒரு வாய் வைத்ததும் குடும்பத் தலைவர் தன் மனைவியிடம், "என்னடி, அடிப்பிடிச்சிருக்கு?" என்றார், மெதுவாக. மேலாளர் குனிந்து விளக்கினார்: "இதுதான் சார் ஒரிஜினல். அந்த மக்கள் இப்படித்தான் சாப்பிடுவாங்க." சாப்பிட வந்தவர் சுற்றிலும் பார்த்தார். எல்லா மேசையிலும் மூடிய கண்கள். சின்ன மகள் கேட்டாள், "நம்ம சாப்பாடு இப்படியாப்பா இருக்கும்?"

"ஆமா கண்ணு. இப்படித்தான். சாப்பிடு."

நான் தண்ணீர்க் கூஜாவோடு பக்கத்தில்தான் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று வாசல்வரை ஓடிப்போய் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அத்தை, மாமாவை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.