பதக்கத்துக்குச் சாக்குக் கழிவு

"தங்கம் நாப்பதுக்கு நாப்பது. சமம்னா சமம்தான்! ஆட்டை எப்படி மேல் லயத்துக்குக் குடுப்பீங்க?"

பாரிஸ் ஒலிம்பிக் முடிந்த மறுநாள் கீழ் லயத்து வரிசை வீடுகளின் தலைவர் கஜேந்திரன் போட்ட சத்தத்தில், இலங்கை மலையகத்துக் கொட்டகலை ஸ்டேஷனில் நின்ற ரயில் தானாகவே புறப்பட்டுவிட்டது.

தேயிலைத் தோட்டத்துக் கிளப்பில் பதக்கப் பலகை எழுதி வந்தவர் கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி. மேல் லயத்துக்கு அமெரிக்கா, கீழ் லயத்துக்குச் சீனா, முதலிடம் பிடிப்பவருக்குக் கிடாய் என்று பேச்சு. பொதுவில் வாங்கிய கிடாய் வாசலில் கட்டியிருந்தது. மேல் லயத்துக்காரரான கணேசமூர்த்தியின் நாக்கு ஒரு வாரமாகவே மசாலாவில் ஊறிக்கொண்டிருந்தது.

"தங்கம் சமம்னா வெள்ளியைப் பார்க்கணும். அமெரிக்காவுக்கு நாப்பத்தி நாலு!"

"வெள்ளி தோத்தவனுக்குக் குடுக்கிறது! தோத்ததை எண்ணியா ஜெயிக்கப் பார்க்கிறீங்க?"

"சரிப்பா, ஆளுக்குப் பாதி ஆடு" என்றார் கணேசமூர்த்தி.

எல்லாரும் தலையாட்டினார்கள். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு மெல்லக் கேட்டாள்: "தலை எந்தப் பக்கங்க?"

அவ்வளவுதான். அன்று கிளப்பில் பறந்த நாற்காலிகளில் ஒன்று பல மைல் தள்ளி நோட்டன் பிரிட்ஜில் விழுந்ததாகக் கேள்வி.

கணேசமூர்த்தி மேசைக்கடியிலிருந்து புது வழி சொன்னார்: "கொழுந்து கணக்கு மாதிரியே போடுவோம். தங்கத்துக்கு முழுப்பேரு, வெள்ளிக்கு அரைப்பேரு, வெண்கலத்துக்குக் கால்பேரு!"

"அரைப்பேரா? கொழுந்து குறைஞ்சா அரைநாள் சம்பளம் போடுறீங்களே, அதுக்குத்தானே போன மாசம் வேலையை நிறுத்துனோம்! நாளைக்கு ஒருத்தரும் மலை ஏற மாட்டாங்க!" என்றார் கஜேந்திரன்.

வேலை நின்றால் தோட்ட நிர்வாகியான துரை முதலில் கழிக்கப்போவது கணேசமூர்த்தியைத்தான். கிடாயோ வெளியே அவருடைய குடையைத் தின்றுகொண்டிருந்தது.

"கொழுந்து நிறுக்கிறப்போ சாக்கு எடைக்குன்னு கழிக்கிறீங்களே ஐயா" என்றாள் அம்மாக்கண்ணு, அவருக்கு இன்னொரு கோப்பை நீட்டியபடி. "பெரிய நாடுன்னா பெரிய சாக்கு. தங்கத்தை மட்டும் எடுத்துக்கிட்டு சனத்தொகையால வகுத்துக் கழிச்சா என்னங்க?"

"அமெரிக்காவுக்குக் குறையுமா?" என்றார் கஜேந்திரன்.

"குறையும்." சீனாவுக்கு அதைவிடக் குறையும் என்பதைக் கணேசமூர்த்தி தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

"அப்ப சரி!"

மாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி, இதுவே கடைசிக் கணக்கு என்று இருவரும் அடித்துச் சத்தியம் செய்தார்கள். பிறகு கணேசமூர்த்தி போனை எடுத்து, ஒவ்வொரு நாடாக வகுத்துக்கொண்டே வந்தார். வரவர முகம் வாடிய கொழுந்தாயிற்று.

"முதலாவது... டொமினிக்கா."

"அது யாருங்க?"

"கரீபியன் பக்கம் ஒரு தீவு. ஒரே ஒரு தங்கம். சனம் நம்ம ஹட்டன் சுத்துவட்டாரத்துல பாதிகூடத் தேறாது."

டொமினிக்கா எந்த லயத்துக்கும் சொந்தமில்லை. கற்பூரம் அடித்துச் செய்த சத்தியத்தை மீறவும் முடியாது. அடுத்த ஒலிம்பிக் வரை ஆடு பொதுவில் இருக்கட்டும் என்று தீர்மானமாயிற்று. அதைப் பார்த்துக்கொள்ள யாரும் முன்வராததால், வழக்கமாகப் புல் அறுத்துப் போடும் அம்மாக்கண்ணுவின் தலையில் கட்டினார்கள். அவளும் சலித்துக்கொண்டே கயிற்றை வாங்கினாள்.

வளைவு திரும்பி, கிளப் மறைந்ததும், கிடாயின் காதோரம் குனிந்தாள்.

"நாலு வருசம் பயமில்லாம மேயிடா கருப்பா. அந்தத் தீவைத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள என் போன் டேட்டா பூரா தீந்துபோச்சு!"