மன்னிப்புக்கு ஒரு ரை ரொட்டி

செலிக் துணி அலமாரியைத் திறந்தபோது மாவுதான் முதலில் வெளியே வந்தது.

ரை என்ற கருந்தானியத்தின் மாவு, தண்ணீர், பாதி வெங்காயம், கொஞ்சம் சீமைச் சோம்பு. எல்லாவற்றையும் ஜாடியில் போட்டு மூடிக் கதகதப்பான இடத்தில் வைத்தால் தானாகப் புளிக்கும் என்று போன் வீடியோவில் ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். வீட்டிலேயே கதகதப்பான இடம், வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரை ஒட்டி நின்ற அந்த அலமாரிதான். புளித்தது என்னவோ வாஸ்தவம். புளித்து, பொங்கி, மூடியைத் தள்ளிவிட்டு, மேல்தட்டிலிருந்து இறங்கி, கீழே தொங்கிய வெள்ளை அங்கியின் தோளில் உட்கார்ந்திருந்தது.

யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் அன்று நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, ஜெபக்கூடத்தில் நின்று, ஒரு வருஷத்துப் பாவத்தையும் சொல்லி மார்பில் அடித்துக்கொள்ளும்போது உடுத்தும் அங்கி அது. செத்தால் அவரைப் புதைப்பதும் அதில்தான்.

மனைவி ரைஸல் வாசலில் நின்று பார்த்தாள். உதவ வரவில்லை.

"பரவால்ல, விடுங்க. வெங்காய வாசனையோட போனா மேல உங்களுக்குத் தனி ரூம் குடுப்பாங்க."

"கொஞ்சம் துணி எடுத்துக் குடேன்."

"வாய் உங்களுது. மாவும் உங்களுதாவே இருக்கட்டும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. எல்லாம் வாயால் வந்த வினை. பத்து மாதம் முன்னால் நண்பர் கல்மனின் மனைவி ஃப்ரூமா இறந்துபோனாள். துக்க வீட்டில் கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். கல்மன் வழக்கப்படி தாழ்வான முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராக ஃப்ரூமாவின் நல்ல குணத்தைச் சொன்னார்கள். பிறகு பேச்சு நின்றுபோனது. செலிக்குக்கு அமைதி என்றாலே ஆகாது. நண்பனைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தார்.

"தங்கமான மனுஷி. அவ சுடற ரை ரொட்டியைத்தான் எதுலயும் சேர்க்க முடியாது. என் பல்லு ரெண்டு அதுலதான் போச்சு."

யாரும் சிரிக்கவில்லை. கல்மன் தலையைத் தூக்கவே இல்லை. செலிக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர்தான், அதன்பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. போனை எடுப்பார், கீழே வைப்பார். சின்ன வயசிலிருந்து ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், ஜெபக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. கல்மன் கால் போய்ச் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார் என்று யாரோ சொல்லித்தான் தெரிந்தது. பக்கத்து இருக்கை காலியாகவே கிடந்தது. செலிக் அந்தப் பக்கம் திரும்பாமலே ஜெபித்தார்.

இப்போது யோம் கிப்பூர் நெருங்கிவிட்டது. கடவுளுக்குச் செய்த தப்பைப் பட்டினி கிடந்து கழுவிவிடலாம். மனிதனுக்குச் செய்த தப்பை அந்த மனிதனே மன்னித்தால்தான் உண்டு. மூன்று தடவை நேரில் போய்க் கேட்க வேண்டும். மூன்று தடவையும் மாட்டேன் என்றால் கேட்டவன் விடுபட்டான், பாவம் மறுத்தவன் தலையில் ஏறும். அதுதான் சட்டம். செலிக் ஒருவழியாகத் துணிந்து போன் செய்தார்.

"வெறுங்கையோட வராதே," என்றார் கல்மன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "செத்தவளைப் பழிச்சே இல்ல? நீ ஒரு ரை ரொட்டி சுட்டு எடுத்துட்டு வா, பார்க்கலாம். அவளோடதை விட நல்லதா. அப்புறம் பேசிக்கலாம்."

செலிக் ஆயுள் முழுக்கத் தொப்பிக் கடையில் வேலை பார்த்தவர். வெந்நீர் வைக்கக்கூட அடுப்படிக்குப் போனதில்லை. அங்கியிலிருந்து வழித்த புளிமாவை மீண்டும் ஜாடிக்குள் தள்ளி, அதில்தான் முதல் ரொட்டியைப் பிசைந்தார். ரை மாவு கோதுமை மாதிரி இல்லை, கையை விடாது. விரலிலிருந்து பிரிப்பதற்காக மாவைப் போட்டார், அது இறுகியது. இளக்கத் தண்ணீர் விட்டார், மறுபடி ஒட்டியது. மறுபடி மாவு, மறுபடி தண்ணீர். கடைசியில் அடுப்பிலிருந்து வந்ததை இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது.

கல்மன் வீட்டுக் கதவைத் திறந்தது மனானா. கல்மனைப் பார்த்துக்கொள்ள வரும் ஜார்ஜியாக்காரி. கனத்த உடம்பு, கனத்த காலடி.

கல்மன் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். பாதி ஆளாகியிருந்தார். கல்மன் அவரைப் பார்க்கவில்லை, ரொட்டியைப் பார்த்தார். அதை வாங்கி மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். கீழ் வீட்டில் யாரோ பதிலுக்குத் தட்டினார்கள்.

"கத்தி கொண்டா, மனானா. பெரிய கத்தி."

கத்தி பாதியில் நின்றது. மனானா ரொட்டியைப் பிடித்துக்கொள்ள, செலிக் கத்தியை அழுத்த, ஒரு துண்டு விழுந்தது. கல்மன் அதை ஒரு பக்கத்துக் கடைவாயில் வைத்து வெகு நேரம் மென்றார்.

"ஃப்ரூமாவோடதுல கத்தியாவது இறங்கும்."

"ஒத்துக்கறேன். என்னோடது கல்லுதான். நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. மன்னிச்சிடுடா."

"மாட்டேன்."

"சரி. அப்ப இதை எடுத்துட்டுப் போறேன்."

"வச்சுட்டுப் போ. நாளைக்கு வேற கொண்டா."

அன்று மாலை செலிக் மறுபடி அந்தப் போன் பெண்மணியிடம் சரணடைந்தார். ரொட்டி மெத்தென்று வர அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ரைஸல் மீன் வாங்கப் போன நேரம் பார்த்துச் செலிக் அதையே செய்தார். மாவு வெண்ணெய் மாதிரி குழைந்தது. ரொட்டி உப்பி, பழுப்பேறி, மேலே பளபளவென்று வந்தது. பிறந்ததிலிருந்து தான் செய்த காரியங்களில் இதுதான் உருப்படி என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணமே அவரைக் கொஞ்சம் வருத்தப்பட வைத்தது.

மறுநாள் கல்மன் வீட்டு மேசையில் தட்டு, வெள்ளரி ஊறுகாய், கடுகு விழுது, சூடான பாஸ்ட்ராமி மாட்டுக்கறி எல்லாம் தயாராக இருந்தன. கல்மன் சவரம் செய்திருந்தார். ரொட்டியை அமுக்கிப் பார்த்தார், அது அமுங்கி எழுந்தது. இரண்டு துண்டு வெட்டி, நடுவில் கறியை மடித்து மடித்து வைத்து, வாய்வரை கொண்டுபோனார். செலிக் சும்மா இருந்திருக்கலாம்.

"எப்படி மெத்துன்னு இருக்கு பார்த்தியா? தண்ணிக்குப் பதிலா பால். கூட ஒரு கட்டி வெண்ணெய்."

கல்மனின் கை அந்தரத்தில் நின்றது.

பாலையும் கறியையும் சேர்த்து உண்ணக் கூடாது. ரொட்டியைக் கறியோடுதான் உண்பார்கள் என்பதால் ரொட்டி மாவில் பாலே சேர்க்கக் கூடாது. செலிக் இந்தச் சட்டத்தை விளக்க உரையோடு படித்தவர்தான். ஆனால் படித்தது ஜெபக்கூடத்தில், பிசைந்தது சமையலறையில். இரண்டுக்கும் நடுவே இருந்த தூரத்தில் அது எங்கோ விழுந்துவிட்டது.

"இத்தனை வருஷம் சுத்தமா இருந்தேன்," என்றார் கல்மன் மெதுவாக. "மேல அவனவன் கணக்கை ஏட்டுல எழுதற வாரத்துல வந்து என்னைக் கவுக்கப் பார்த்தியே."

"வாயில வைக்கலையேடா."

"மோந்தேன். நல்லா வேற இருந்துச்சு."

"மன்னிப்பு கேட்கத்தான் வந்தேன்."

"இதுக்கும் சேர்த்துக் கேளு. ரெண்டுக்கும் மாட்டேன். மனானா, இந்த ரொட்டியை உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. நீ எங்க ஆளு இல்ல, உனக்கு இது பாவம் இல்ல."

வீட்டுக்கு வந்தால் ரைஸல் சமையலறை நடுவில் நின்றுகொண்டிருந்தாள். குப்பையில் வெண்ணெய்த் தாளைப் பார்த்துவிட்டாள்.

"எதுல பிசைஞ்சீங்க?"

"அந்தப் பெரிய பாத்திரத்துல."

"கறிப் பாத்திரத்துல."

"பெரிசா இருந்துச்சே."

பால் பட்ட கறிப் பாத்திரத்தில் இனி எதையும் சமைக்கக் கூடாது. ரைஸல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கத்தவில்லை. கத்தாததுதான் செலிக்கைப் பயமுறுத்தியது. "நோன்புக்கு முன்னாடி சொந்தம் பூரா சாப்பிட வருது. கோழி சூப்பை எதுல வைக்கறது, உங்க தொப்பியிலயா? பாத்திரத்துக்கு ஒரு பதில் நம்ம ஜெபக்கூடத்து ரப்பி சொல்லட்டும். உங்களுக்குப் பதில் நான் சொல்றேன். இந்த வாசலுக்கு இந்தப் பக்கம் உங்க காலு படக் கூடாது."

ஆக மூன்றாவது ரொட்டிக்கு அடுப்பே இல்லை. செலிக் யோசித்தார். பிறகு ஜாடியையும் மாவுப் பையையும் தூக்கிக்கொண்டு, ஊரிலேயே தனக்கு இடம் இல்லாத இன்னொரு சமையலறைக்குப் போனார்.

"இங்கயா?" என்றார் கல்மன். "ஃப்ரூமா அடுப்புலயா?"

"ரைஸல் துரத்திட்டா."

கல்மன் நாற்காலியைச் சமையலறைப் பக்கம் உருட்டினார். "தட்டு கீழ் அலமாரியில இருக்கு. சத்தம் போடாம எடு."

அன்று பகல் முழுக்கச் செலிக் பிசைந்தார், கல்மன் நாற்காலியில் இருந்தபடி திட்டினார். கையை நனைச்சுக்கோடா. அமுக்காதே, அது என்ன தொப்பியா. அப்படி இல்ல, அவ முழங்கையைத் தூக்கிப்பா. ஒரு தடவை செலிக் திரும்பிப் பார்த்தபோது கல்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாவு பறக்கிறது என்று சொன்னார். ரை மாவு அப்படிப் பறக்காது. இந்த மனிதனைப் பத்து மாதம் தனியாக விட்டோமே என்று செலிக் நினைத்தார். வேலையைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டார்.

ரொட்டி அடுப்புக்குள் போனதும் கல்மன் கேட்டார்: "பிடி மாவு எடுத்தியா?"

ரொட்டி சுடும்போது மாவில் ஒரு பிடி கிள்ளி நெருப்புக்குக் கொடுக்க வேண்டும். செலிக் மறந்திருந்தார். கிண்ணத்தில் ஒட்டியிருந்ததை அவசரமாக உருட்டி, அடுப்பைத் திறந்து அடித்தட்டில் எறிந்தார். அலுமினியத் தாளில் சுற்றி வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மாவு நேராகச் சூட்டில் ஒட்டிக்கொண்டு புகைந்தது. முதலில் கொஞ்சம், பிறகு நிறைய. கூரையிலிருந்த புகை மணி அலறத் தொடங்கியது.

மனானா துடைப்பக்கட்டையோடு ஓடி வந்து மணியை அடித்தாள். அது நிற்கவில்லை. செலிக் ஜன்னலைத் திறக்கப் போனார். அது வெகுகாலமாகத் திறக்காத ஜன்னல். கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து கதவை இடித்தார். மேல் வீட்டம்மா தரையை இடித்தாள். மனானா கடைசியில் மணியைப் பிய்த்தே எடுத்துவிட்டாள். அந்த அமைதியில்தான் ரொட்டியின் ஞாபகம் வந்தது.

கரிக்கட்டையை மேசையில் வைத்தார்கள். கல்மன் கத்தியால் மேலே சுரண்டிச் சுரண்டி, உள்ளே கொஞ்சம் பழுப்பைக் கண்டுபிடித்து, அதைக் கிள்ளி வாயில் போட்டார்.

செலிக் எதிரே நின்றார். முகமெல்லாம் கரி, கையெல்லாம் மாவு. விளையாட்டு எண்ணம் எதுவும் மிச்சமில்லை. "இது மூணாவது தடவை. நாளைக்குச் சாயங்காலம் நோன்பு ஆரம்பிக்குது. அன்னைக்கு உன்னைச் சிரிக்க வைக்கலாம்னுதான் சொன்னேன். அதைவிடப் பெரிய தப்பு, அதுக்கப்புறம் வராம இருந்தது. ரெண்டையும் மன்னிச்சிடு கல்மன்."

கல்மன் மென்றார், விழுங்கினார்.

"மாட்டேன்."

"சரி. மூணு ஆச்சு. சட்டப்படி நான் விடுபட்டேன்."

"எங்க மூணு ஆச்சு?" கல்மன் நாற்காலியில் நிமிர்ந்தார். "பால் ஊத்துனது ரொட்டியே இல்ல, அது பாவம். அதைக் கணக்குல சேர்க்க முடியாது."

"அப்ப ரெண்டு."

"இன்னைக்குச் சுட்டது யார் அடுப்புல? என் அடுப்பு, என் தட்டு, என் புகை. இது என்னோட ரொட்டி. எனக்கே நான் கொண்டு வந்தா அது எப்படிடா உன் கணக்கு ஆகும்?"

"அப்ப எத்தனைதான் ஆச்சு?"

"ஒண்ணு. அதுவும் செங்கல்."

கல்மன் இவ்வளவு கல்நெஞ்சனா என்று செலிக் நினைத்தார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் இப்படி ஒரு வார்த்தை நினைத்ததில்லை. "நீ எப்படி வேணா எண்ணிக்கோ. என்னால இதுக்கு மேல ஆகாது. அங்கி போச்சு, பாத்திரம் போச்சு, சொந்த வீட்டுல சோறு போச்சு. இனிமே நான் இந்தப் பக்கம் வரமாட்டேன். நல்லா இரு."

கல்மன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

செலிக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கினார். விடுபட்டவனுக்கு மனசு லேசாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். அவருக்கு அப்படி எதுவும் இல்லை. நாளைக்கு ஜெபக்கூடத்தில் அந்தக் காலி இருக்கை பக்கத்தில் நிற்க வேண்டும், அடுத்த வருஷமும் நிற்க வேண்டும், இனி அதற்கு ஒரு காரணமும் சொல்லிக்கொள்ள முடியாது. வாசல் கதவுக்கு அருகில் வந்து கொஞ்ச நேரம் சும்மா நின்றார். அழுதார் என்றே சொல்லலாம்.

மேலேயிருந்து கனத்த காலடி அவசரமாக இறங்கி வந்தது. மனானா மூச்சு வாங்க எதிரே வந்து, வெளியே போக முடியாதபடி கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"ஐயா, நான் சொன்னதா சொல்லிடாதீங்க. முதல் நாள் நீங்க படி இறங்கறதுக்குள்ளயே அவர் மன்னிச்சிட்டாரு, ஆனா சொல்லிட்டா வந்த வேலை முடிஞ்சதுன்னு போயிடுவீங்கன்னு என் வாயைக் கட்டி வச்சிருக்காரு."