கண்ணாடி அலமாரித் தண்ணீர்

"குழாய்த் தண்ணியா?"

வாயருகே போன டம்ளர் போன வேகத்திலேயே மேசைக்குத் திரும்பியது. "வேண்டாம் மாப்பிள்ளை. என் நாக்குக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் கம்பெனியே படுத்துடும்" என்றார் மச்சான்.

மச்சானுக்குத் தேயிலை ருசி பார்க்கிற உத்தியோகம். ஒரு வாய் உறிஞ்சினால் போதும், எந்தச் சரிவில் எந்த மாதம் பறித்த இலை என்று சொல்லிவிடுவாராம். தங்கை வீட்டில் ஐந்து நாள் தங்க வந்தவர், குடிப்பதற்குக் கேன் தண்ணீரும் கையோடு கொண்டுவந்திருந்தார். முதல் நாளே அது தீர்ந்துவிட்டது.

தங்கை கணவருக்குச் சுருக்கென்றது. அவர் குடிநீர் வாரியத்தில் பரிசோதகர். பத்தொன்பது வருடமாக அவர் கையெழுத்து இல்லாமல் அந்த நகரத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனதில்லை. அன்றைய சோதனை அறிக்கையை எடுத்து மச்சானிடம் நீட்டினார். மச்சான் அதை முழுவதும் படித்துவிட்டு, கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார்.

பரிசோதகர் கேன் கடைக்கு நடந்தார். வண்டி பழுதாம், ஒரு வாரம் ஆகுமாம். வேறு வழியில்லாமல் காலிக் கேனிலேயே குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்தார். பக்கத்து அறையில் இருந்த மச்சானுக்குக் குழாய் ஓடிய சத்தம் கேட்டிருந்தது. ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார்.

"இரும்பு வாடை."

திறந்த கண் நேராகப் போய்க் கூடத்து அலமாரியில் நின்றது. அது போகக்கூடாத இடம்.

அந்தக் கண்ணாடி அலமாரியில் நாற்பத்தொரு புட்டிகள் இருந்தன. பரிசோதகர் போன இடமெல்லாம் பிடித்துவந்த தண்ணீர். கல்யாணமான புதிதில் மனைவியோடு நனைந்த அருவி, ஏரிகள், ஊற்றுகள், மகள் பிறந்த அன்று பெய்த மழை. ஒவ்வொன்றிலும் இடமும் தேதியும் அவர் கைப்பட எழுதிய சீட்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கலாம், தொடக்கூடாது. தூசி தட்டுவதற்காக வேலைக்கு வரும் அக்காவிடம் மட்டும் இன்னொரு சாவி உண்டு. அவரும் அந்த வாரம் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

"இவ்வளவு தண்ணியை உள்ள வச்சுக்கிட்டு எனக்குக் குழாயைத் திறந்து விடுறீங்களே" என்றார் மச்சான்.

"அது பார்க்கிற தண்ணி மச்சான். குடிக்கிற தண்ணி இல்ல."

மனைவி அவரைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். பன்னிரண்டு வருடம் கழித்து அண்ணன் வந்திருக்கிறார், ஒரு டம்ளர் தண்ணீருக்காக அவர் தொங்க வேண்டுமா என்று கேட்டாள். "நீங்க குடும்பம் நடத்துறது என்கூடவா, புட்டிகூடவாங்க?"

பரிசோதகருக்கு ஒரு யோசனை வந்தது. பதினாறு வருடம் தேங்கின தண்ணீரில் கிருமி குடித்தனம் நடத்தாமலா இருக்கும்? அதை அறிக்கையாகவே கொண்டுவந்து காட்டினால் மச்சான் அடங்கிவிடுவார். மறுநாள் அருவிப் புட்டியைத் திறந்தார். மூடி ஆச்சரியமாகச் சுலபத்தில் வந்தது. கொஞ்சம் எடுத்துக்கொண்டு சோதனைக்கூடம் போனார். முடிவு தெரியும்வரை மச்சான் சோடாவில் காலம் தள்ளினார்.

கிருமி இல்லை. கலங்கல் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இல்லைதான். குளோரின் கட்டத்தை மட்டும் சோதிக்காமல் விட்டுவிட்டார். அருவிக்கு மேலே ஏறி யார் குளோரின் போடப்போகிறார்கள்?

அந்த அறிக்கையை அவர் அங்கேயே கிழித்துப் போட்டிருக்கலாம். பெருமை விடவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே அறிவித்தார். "பதினாறு வருஷத் தண்ணி, ஒரு கிருமி கிடையாது."

மச்சான் டம்ளரோடு எழுந்தார். தவளை தன் வாயால் கெடும் என்பது பரிசோதகருக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

அருவிப் புட்டியைத் திறந்து ஊற்றினார். மச்சான் தண்ணீரை நாக்கில் உருட்டினார், கன்னத்தில் ஒதுக்கினார், விழுங்கினார்.

"இது தண்ணி. பாறையில உருண்டு வந்த குளிர்ச்சி அப்படியே நிக்குது."

பரிசோதகருக்கு ஒரு கண்ணில் துக்கம், ஒரு கண்ணில் பெருமை. பெருமைக் கண்தான் பெரிதாகத் திறந்திருந்தது. அடுத்த புட்டியை அவரே எடுத்துவந்தார். ஏரித் தண்ணீரில் மச்சான் தாமரைத் தண்டின் வாசனையைக் கண்டுபிடித்தார். ஊற்றில் மூலிகை இருந்தது. மகளின் மழையை மட்டும் ஒரே ஒரு ஸ்பூன் கொடுத்தார். பிஞ்சு இனிப்பு என்றார் மச்சான். ஐந்தாம் நாள் காலைக்குள் பதினேழு புட்டிகள் காலி.

மச்சான் பெட்டியோடு வாசலில் நின்றார். "முப்பது வருஷ நாக்கு சொல்லுது மாப்பிள்ளை. உங்க ஆபீஸ் குழாயில விடுறது தண்ணியே இல்ல. தண்ணின்னா இது. வழிக்கு ரெண்டு புட்டி கட்டிக் குடுங்க."

பரிசோதகருக்கு நிமிர்வதா குனிவதா என்று தெரியவில்லை. அதற்குள் வேலைக்கு வரும் அக்கா திரும்பி வந்திருந்தார். தொட்டியருகே வரிசையாக நின்ற காலிப் புட்டிகளைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

"நீங்களே காலி பண்ணிட்டீங்களா சார்? எனக்குப் பாதி வேலை மிச்சம். பாசி பிடிக்குதேன்னு இத்தனை வருஷமா மாசாமாசம் நான்தான் கொட்டிக் கழுவி, சீட்டு நனையாம நம்ம சமையலறைக் குழாயில புதுசாப் பிடிச்சு வைக்கிறேன். கண்ட தண்ணியை வைக்க மனசு வருமா சார், நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்புற தண்ணியாச்சே."